ஐஸ் ஹவுஸ் முதல் ஐஸ் வண்டி வரை

இலக்கிய வட்டக் கூட்டங்களில் இளமை நினைவைப் பாடும் கவிதைகள் வாசிக்கப்படும்போது மூன்று பொருள்கள் தவறாமல் வந்து நிற்கின்றன: பாட்டி, ஆற்றுமணல், ஐஸ் வண்டி. முதல் இரண்டுக்கும் தமிழில் நெடிய மரபு உண்டு. மூன்றாவது நேற்று வந்தது. வெயிலே பெரும்பருவமாக வாய்த்த நிலத்தில், உறைந்த நீரை ஆலங்கட்டி மழையிலன்றி வேறெங்கும் கண்டிராத மக்களிடையே, குளிர்ந்த இனிப்பு ஒன்று குழந்தைப் பருவத்தின் அடையாளமாக நிலைபெற்றது எவ்வாறு என்பது கேட்கத்தக்க வினா. கவிதை, நாவில் உருகிய சுவையைச் சொல்லி அமைந்துவிடும். அச்சுவை யாருக்குக் கிட்டியது, யார் வாசற்படியில் நின்று அதன் மணியோசையை மட்டும் கேட்டனர் என்பதை வரலாற்றிடம்தான் கேட்க வேண்டும்.

பனிக்கட்டி, பனிக்கூழ், குளிர்களி என்னும் சொற்கள் ஏட்டிலும் மேடையிலும் வழங்குகின்றன. அவை நல்ல ஆக்கங்களே. எனினும் எந்தக் குழந்தையும் பனிக்கூழ் கேட்டு அழுததில்லை. ஆதலின் இக்கட்டுரை ‘ஐஸ்’ என்னும் தெருவழக்கையே ஆள்கிறது.

தமிழர்க்குத் தண்மை புதிதன்று. குடிக்கும் நீரையே ‘தண்ணீர்’ என்று சொன்ன மொழி இது. வெந்நீரைக்கூடச் ‘சுடுதண்ணீர்’ என்று பேச்சில் வழங்கும் அளவுக்கு அச்சொல்லில் தண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அருளைத் தண்ணளி என்றும் மொழியைத் தண்டமிழ் என்றும் போற்றியதற்கு வெயிலின் கொடுமையே காரணம் எனலாம். வெட்டிவேர் இட்ட மண்பானை நீரும், நுங்கும் பதநீரும், பானகமும் நீர்மோரும், நன்னாரி மணக்கும் சர்பத்தும் கோடையை ஆற்றிவந்தன. ஆனால் இவையெல்லாம் காற்றாலும் நிழலாலும் மண்ணாலும் பெற்ற தண்மை. பல்லைக் கூசச்செய்யும் குளிர்ச்சி இங்கு விளைந்ததன்று. வடநாட்டில் மொகலாயர் வெடியுப்பைக் கரைத்து நீரைக் குளிர்வித்ததும், இமயத்துப் பனியை வருவித்து உண்டதும் ‘அயினி அக்பரி’யால் அறியப்படும். கங்கைச் சமவெளியில் குளிர்கால இரவுகளில் வைக்கோற் பரப்பின்மேல் ஆழமற்ற மண்சட்டிகளை வரிசையாக வைத்து, விடியுமுன் மெல்லிய பனித்தகடு எடுக்கும் தொழிலும் இருந்தது. சென்னையின் மார்கழி அதற்கும் இடம் தரவில்லை.

கப்பலில் வந்த குளிர்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வணிகர் பிரடெரிக் டூடர் (1783-1864). குளிர்காலத்தில் அந்நாட்டுக் குளங்கள் உறைந்து கிடக்க, விலையற்றுக் கிடந்த அந்தப் பனியை வெப்ப நாடுகளுக்கு விற்றால் என்ன என்று எண்ணினார். 1806இல் 130 டன் பனியைக் கப்பலேற்றி மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான மார்ட்டினிக்குக்குப் புறப்பட்டபோது, இது வேடிக்கையன்று, மெய்ச்செய்தியே என்று பாஸ்டன் நாளேடு குறிப்பிட வேண்டியிருந்ததாம். அத்தீவில் பனியை என்ன செய்வது என்றே மக்களுக்குத் தெரியவில்லை. வாங்கிச் சென்றவர் வீட்டில் அது உருகிப் போயிற்று. அங்குள்ள பூங்கா உணவகக்காரர் இந்த வெப்பத்தில் ஐஸ்கிரீம் செய்ய முடியாது என்று மறுக்க, டூடர் தாமே முன்னின்று செய்வித்து, முதல் நாளிலேயே 300 டாலருக்கு விற்றுக் காட்டினார். பனி வணிகத்துக்கு ஐஸ்கிரீமே விளம்பரமாயிற்று என்பது கருதத்தக்கது. ஆயினும் அப்பயணம் இழப்பில் முடிந்தது. பின்னர்க் கடனுக்காகச் சிறையும் புகுந்தார். நத்தானியேல் வைத் என்பவர் 1825இல் குதிரை பூட்டிய வெட்டுக்கலப்பையை அமைத்துக் குளத்துப் பனியை ஒரே அளவான பாளங்களாக அறுக்க வழிகண்ட பின்னரே இத்தொழில் தழைத்தது. பாளங்கள் ஒன்றோடொன்று இடைவெளியின்றி அடுங்கின. மரம் அறுக்கும் ஆலைகளில் வீணாய்க் கிடந்த மரத்தூள், அவற்றைப் போர்த்துக் காத்தது.

1833 மே 12ஆம் நாள் ‘டஸ்கனி’ என்னும் கப்பல் 180 டன் பனியுடன் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, நான்கு மாதங்கள் கழித்து, செப்டம்பரில் கல்கத்தாவை அடைந்தபோது ஏறத்தாழ 100 டன் எஞ்சியிருந்தது. அரசு சுங்கவரியை நீக்கியது. இரவிலேயே சரக்கிறக்கவும் ஒப்புதல் தந்தது. வெள்ளையர் சமுதாயம் பூரித்தது. கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பனியைத் தேக்கி வைக்கத் தனிக்கட்டடங்கள் எழுந்தன. 1842இல் சென்னைக் கடற்கரையில் டூடர் எழுப்பியதே ‘ஐஸ் ஹவுஸ்’. மூன்றில் இன்று நிற்பது இது ஒன்றுதான்.

அக்காலத்துச் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கடலில் விலகி நங்கூரமிட, அலை தாண்டிச் சரக்கைக் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். செயற்கைத் துறைமுகப் பணி 1870களில்தான் தொடங்கிற்று. கடற்கரை உலாச்சாலை அமைந்தது 1880களில். ஆகவே ஐஸ் ஹவுஸ் எழுந்தபோது கடல் இன்றுள்ளதைவிட அருகில் இருந்தது. படகிலிருந்து இறக்கிய பாளம் மணலில் நெடுந்தொலைவு சுமக்கப்பட வேண்டியதில்லை. சுமந்தவர் தோளும் தலையும் அன்று உணர்ந்த குளிர்ச்சிக்குக் கூலி உண்டு, ஏடு இல்லை. மதுவையும் நீரையும் குளிர்விக்கவும், காய்ச்சல் கண்டவர் நெற்றியில் ஒற்றவும், விருந்துகளில் ஐஸ்கிரீம் செய்யவும் அப்பனி சென்றது. சென்ற இடங்கள் துரைமார் மாளிகைகளும் செல்வர் இல்லங்களுமே. திருவல்லிக்கேணிச் சிறுவனுக்கு அது பெரிய வெள்ளைக் கட்டடம். அவ்வளவே.

இவ்விடத்தில் கவிஞர்கள் விரும்பும் ஒரு செய்தியைச் சற்றே திருத்த வேண்டியுள்ளது. அமெரிக்கச் சிந்தனையாளர் தோரோ, தாம் தனித்து வாழ்ந்த வால்டன் குளத்தில் 1846-47 குளிர்காலத்தில் பனி அறுக்கப்படுவதைக் கண்டு ‘வால்டன்’ (1854) நூலில் எழுதினார். நூறு அயர்லாந்துத் தொழிலாளர் நாள்தோறும் வந்து அறுத்துக் குவித்தனர். தம் கிணற்று நீரைச் சென்னை, பம்பாய், கல்கத்தா மக்களும் பருகப் போவதாக அவர் எண்ணிப் பார்க்கிறார். காலையில் கீதையை வாசிக்கும் தம் குளத்து நீர் கங்கையோடு கலப்பதாகவும் கற்பனை விரிகிறது. இதைக்கொண்டு சென்னை மக்கள் வால்டன் குளத்தைக் குடித்தனர் என்று மேடைகளில் உரைப்பார் உண்டு. ஆனால் தோரோவே அதே அதிகாரத்தில் இன்னொன்றையும் சொல்கிறார். அக்குளிர்காலத்தில் வைக்கோலும் பலகையும் போர்த்துக் குவித்த அந்தப் பெருங்குவியல் சந்தைக்கே போய்ச் சேரவில்லை. ஒரு பகுதியை எடுத்துச் சென்றது போக, எஞ்சியது இரு கோடைகளைக் கடந்து 1848 செப்டம்பரில் முற்றும் உருகிற்று. குளம் தன் நீரின் பெரும்பங்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. உவமையின் அழகு இதனால் குன்றவில்லை. எனினும் அறுத்த கை அயர்லாந்து ஏழையின் கை, சுமந்த தோள் சென்னை ஏழையின் தோள் என்னும் தொடர்பு, கங்கையும் வால்டனும் கலந்ததைவிட உறுதியானது.

1874இல் சென்னையில் நீராவியின் துணைகொண்டு ஐஸ் செய்யும் நிறுவனம் தோன்றியது. கல்கத்தாவில் 1878இல் தோன்றியது. கடல் கடந்த பனிக்குத் தேவை அற்றது. டூடரின் வணிகம் இங்கே முடிந்தது.

கட்டடத்தின் மறுவாழ்வு

பனி போனபின் கட்டடம் சென்னை வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்காரிடம் வந்தது. உயர்நீதிமன்ற நீதிபதி கெர்னனின் பெயரால் அவர் அதற்குக் ‘காசில் கெர்னன்’ எனப் பெயரிட்டார். 1897 பிப்ரவரியில், மேலைநாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் ஒன்பது நாள்கள் இங்குத் தங்கினார். அவர் விருப்பப்படி வந்த இராமகிருஷ்ணானந்தர் ஏறத்தாழப் பத்தாண்டுகள் இங்கே மடம் நடத்தினார். 1963இல், விவேகானந்தர் நூற்றாண்டில், இது விவேகானந்தர் இல்லம் ஆயிற்று. இவையெல்லாம் பலரும் அறிந்தவை. கட்டடத்தின் வரலாறு சொல்வோர் விரைந்து கடந்துவிடும் இடம் ஒன்று இடையில் உளது.

சென்னை மாகாணத்தின் முதல் இந்துப் பெண் பட்டதாரி என அறியப்படும் சகோதரி சுப்புலட்சுமி (1886-1969), தாமே சிறு வயதில் கணவனை இழந்தவர். 1911இல் பட்டம் பெற்றபின், தம்மைப் போன்ற சிறுமியரைச் சேர்த்துக் கல்வி தருவதைத் தொழிலாகக் கொண்டார். அவரது விடுதி 1910களில் இந்த ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் இடம்பெற்றது. மோனிகா பெல்டன் 1966இல் வெளியிட்ட ஆங்கில நூல் அவ்வாழ்வை விரித்துரைக்கிறது. பத்து வயதிலும் பன்னிரண்டு வயதிலும் கைம்மை பூண்ட சிறுமியர், ஒருவேளை உணவும் நோன்புமாய் அடுப்படி இருளில் காலம் தள்ள விதிக்கப்பட்டிருந்தவர், கடற்காற்று வீசும் அவ்வட்டக் கூடங்களில் அமர்ந்து எழுத்தும் கணக்கும் பயின்றனர். கைம்பெண்ணின் தட்டில் இனிப்புக்கும் விருப்புக்கும் இடமில்லை என்பது அவர்கள் பிறந்த குடும்பங்களின் வழக்கம். வெள்ளையர் நாவுக்குக் குளிர்ச்சியைத் தேக்கி வைத்த கட்டடம், நாவின் விருப்பம் மறுக்கப்பட்ட சிறுமியர்க்கு எழுத்தைத் தந்தது. தமிழ்க் குழந்தைகளின் தின்பண்ட வரலாற்றில் இச்சிறுமியரையும் வைத்துத்தான் பேச வேண்டும். வாங்கித் தின்றவரின் நினைவை மட்டும் கொண்டு எழுதினால் அது பாதி வரலாறே.

பெட்டி வந்த தெரு

ஐஸ் தெருவுக்கு இறங்கியது தொழிற்சாலைகளால். அதன் வேலைமுறை எளியது. அம்மோனியா கொண்டு குளிர்விக்கும் எந்திரம் ஒரு பெருந்தொட்டி உப்புநீரை உறைநிலைக்குக் கீழே கொண்டுசெல்லும். உப்புக் கலந்ததால் அந்நீர் உறையாது. அதனுள் இறக்கிய தகரக் கலங்களிலுள்ள நன்னீர் உறைந்து பாளமாகும். பாளத்துக்குப் பதில் சிறு அச்சுகளில் சர்க்கரையும் சாயமும் எசென்சும் கலந்த நீரை ஊற்றி, ஒரு மூங்கில் குச்சியைச் செருகினால் அதுவே குச்சி ஐஸ். உப்பின் இந்த இயல்பையே அமெரிக்கப் பெண்மணி நான்சி ஜான்சன் 1843இல் காப்புரிமை பெற்ற கையால் சுற்றும் ஐஸ்கிரீம் வாளியும் பயன்கொண்டது. வெளிவாளியில் உப்பிட்ட பனி, உள்வாளியில் பால். சென்னையில் ஐஸ் ஹவுஸ் எழுந்த மறு ஆண்டு அது. குச்சி செருகும் எண்ணத்துக்கு 1924இல் காப்புரிமை பெற்றவர் பிராங்க் எப்பர்சன். 1905இல், பதினொரு வயதில், கலக்கும் குச்சியோடு வெளியே மறந்து வைத்த பானம் இரவுக் குளிரில் உறைந்ததைக் கண்டவர் அவர். ஒரு சிறுவனின் மறதி உலகச் சிறுவர்க்கெல்லாம் பயன்பட்டது.

தமிழகத்துக் கடற்கரை ஊர்களில் ஐஸ் தொழிற்சாலைகள் மீனை நம்பிப் பெருகின. உள்ளூர்களில் கோடையையும் குழந்தைகளையும் நம்பின. 1970இல் சென்னை இராயபுரத்தில் 250 சதுர அடி இடத்தில், 13,000 ரூபாய் முதலுடன், இருபத்தோரு வயது இளைஞர் சந்திரமோகன் தொடங்கிய குச்சி ஐஸ் தொழிலே பின்னர் ‘அருண் ஐஸ்கிரீம்’ என வளர்ந்தது. பெயர் நிலைத்தது இது. பெயர் நிலைக்காத நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒவ்வொரு வட்டத் தலைநகரிலும் இருந்தன.

அப்பட்டறைகளிலிருந்து காலையில் மிதிவண்டிகள் கிளம்பும். பின்னிருக்கையில் மரப்பெட்டி. உள்ளே மரத்தூளோ உமியோ, பிற்காலத்தில் தெர்மோகோலோ பொதிந்திருக்கும். மூடியைத் தட்டும் ஓசை, கைமணி, ரப்பர் ஊதுகுழல் என ஊருக்கு ஓர் அழைப்பு. நண்பகல் இடைவேளைக்குள் பள்ளிக்கூட வாசலைச் சேர்ந்துவிட வேண்டும். விற்றதற்குத்தான் கழிவுத்தொகை. மாலைக்குள் விலைபோகாதது உருகிச் சிவப்பு நீராகும். இழப்பு விற்பவருக்கே. முழுஆண்டு விடுமுறையில் பெட்டி தூக்கியவர் பலரும் பள்ளிச் சிறுவர்களே என்பதை நினைவுக் கவிதைகள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. தெருவில் இரு சிறுவர் எதிரெதிரே நின்றனர். ஒருவன் கையில் காசு, மற்றவன் தலையில் பெட்டி. குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது 1986இல்.

காசு இல்லாத இடத்திலும் வாணிகம் நடந்தது. சிற்றூர்களில் ஒருபிடி நெல், புளி, வேப்பமுத்து, களத்தில் பொறுக்கிய பருத்தி, உடைந்த பிளாஸ்டிக், பழைய இரும்பு ஆகியன ஐஸுக்கு மாறின. அளவுக்கு அளவு விலை என்று எவரும் பார்க்கவில்லை. விற்பவர் கையே தராசு. வீட்டுக்குத் தெரியாமல் மடியில் கட்டி வந்த நெல்லுக்கு வாங்கிய ஐஸைத் தெருமுனையிலேயே தின்று முடித்துவிட வேண்டும். நாக்கின் ஆரஞ்சு நிறம் வீட்டில் காட்டிக்கொடுத்துவிடும்.

இங்கே எண்ணத்தக்க ஒன்று உண்டு. தமிழகச் சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை நெடுங்காலம் நிலவியது. நகரத்திலும் உணவு விடுதிகளின் பெயர்ப்பலகையில் ‘பிராமணாள்’ என்னும் சொல் நின்றது. அதை நீக்கக் கோரித் தந்தை பெரியார் 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன் நடத்திய கிளர்ச்சி, ஐஸ் ஹவுஸுக்கு அண்மையிலேயே நிகழ்ந்தது. உண்கலத்தைச் சுற்றியே தீட்டு வளர்ந்த ஒரு சமுதாயத்தில் குச்சி ஐஸுக்குக் கலமே இல்லை. குவளை இல்லை, கழுவுதல் இல்லை, அமர இடமும் இல்லை. குச்சியைப் பிடித்துத் தின்று எறிந்துவிடலாம். சேரியும் ஊரும் ஒரே பெட்டியிலிருந்து வாங்கின. சாதி இதனால் அசைந்துவிட்டதென்று சொல்வதற்கில்லை. பெட்டி எந்தத் தெருவரை சென்றது, எவர் முதலில் கைநீட்டினர் என்பதில் ஊரின் முறை இருந்தே தீரும். ஆயினும் கலம் ஒன்று குறைந்ததால் இழிவு ஒன்று குறைந்த தின்பண்டம் இது. இச்செய்தி எந்தக் கணக்கேட்டிலும் இல்லை.

சுவையை மட்டும் பேசிக் கேட்டை மறைப்பதும் தகாது. அந்த இனிப்பில் பல வேளை சர்க்கரையைவிடச் சாக்கரின் மிகுதி. நீர் எங்கிருந்து எடுத்தது என்று கேட்டவரில்லை. மஞ்சளும் சிவப்பும் துணிச்சாயமா தின்னும் சாயமா என்பதும் தெரியாது. ‘சாக்கடைத் தண்ணி ஐஸ்’ என்று அன்னையர் அச்சுறுத்தியது முழுப் பொய்யன்று. 2024 பிப்ரவரியில், பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி என்னும் துணிச்சாயம் இருப்பது ஆய்வில் தெரிந்து, தமிழக அரசு அதன் விற்பனைக்குத் தடை விதித்தது. பழைய தின்பண்டம் எல்லாம் தூய்மையானது என்னும் பாட்டு அன்று பலருக்குக் கசந்தது.

உறையாத சொற்கள்

பெட்டி தூக்கியவர்க்கு வரலாற்று ஏடு இல்லை என்றால் அவர் வாழ்வை எங்கே தேடுவது? சொற்களில் தேடலாம். குச்சி ஐஸ், பால் ஐஸ், சேமியா ஐஸ், ஜவ்வரிசி ஐஸ், கிரேப் ஐஸ், கப் ஐஸ், கோன் ஐஸ் என்னும் வரிசையே ஒரு பொருளாதார அட்டவணை. தொடக்கத்தில் நீர் ஐஸ் மட்டுமே. பால் ஐஸில் பாலைவிட வெண்மை மிகுதி. சேமியாவும் ஜவ்வரிசியும் பாலின் பஞ்சத்தை மறைக்கப் பாயசத்திலிருந்து கடன் வாங்கியவை. அடியில் ஒதுங்கிய சேமியாவைக் கடைசியாகத் தின்பதற்கென்றே மேலே உள்ள நீரை உறிஞ்சித் தீர்த்த பொறுமை அக்காலச் சிறுவர்க்கு இருந்தது. ஏழைத் தொழிலாளி ஒருவர், பாயசத்தை உறையவைத்தால் என்ன என்று எண்ணியது நம் சமையல் வரலாற்றில் சிறு நிகழ்ச்சியன்று.

மதுரையின் ஜிகர்தண்டாவும் இங்கே நினைக்கத்தக்கது. ஈரலையும் நெஞ்சையும் குறிக்கும் ‘ஜிகர்’ என்னும் பாரசீகச் சொல்லும், குளிர்ச்சியைக் குறிக்கும் ‘தண்டா’வும் உருதுவின் வழியாக வைகைக் கரைக்கு வந்தன. பெயர் வடக்கிலிருந்து வந்ததே தவிர, பண்டம் மதுரைக்கே உரியதாயிற்று. சுண்டக் காய்ச்சிய பாலும் கடற்பாசியும் நன்னாரிச் சர்பத்தும் ஐஸ்கிரீமும் ஒரே குவளையில் அடுக்கப்படும் அப்பானத்தில், முன்னே சொன்ன பழந்தண்மையாகிய நன்னாரியும் புதுக்குளிராகிய ஐஸ்கிரீமும் உடன் அமர்ந்திருக்கின்றன. கோலி சோடாவின் பெயரோ முழுதும் நம் சிறுவர் தந்தது. ஹிரம் காட் என்னும் ஆங்கிலேயர் 1872இல் காப்புரிமை பெற்ற கண்ணாடிப் புட்டியை, அடைப்பானாக உள்ள குண்டைக் கண்டு, விளையாட்டுப் பொருளின் பெயராலேயே தமிழ் அழைத்தது.

முகத்துதி செய்வதை ‘ஐஸ் வைத்தல்’ என்பர். ஐஸ் அறிமுகமாகிச் சில தலைமுறைகளுக்குள் அது வழக்குத் தொடராகவே உறைந்துவிட்டது. இங்கே ஒரு போலியையும் விலக்கிவிடலாம். ஒளிந்து விளையாடும் ‘ஐஸ்பாய்’ ஆட்டத்துக்கும் ஐஸுக்கும் உறவில்லை. அது ‘ஐ ஸ்பை’ என்னும் ஆங்கிலத் தொடரின் சிதைவு.

கண்ணாடிக் கதவு

ஐஸ்கிரீம் கடை, அதாவது ‘பார்லர்’, பெட்டிக்கு நேர்எதிர். சென்னையில் தாசப்பிரகாஷ் போன்ற விடுதிகள் (பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் 1950களில் எழுந்த அவ்விடுதி இன்றில்லை) ஐஸ்கிரீமுக்கே பெயர்பெற்றன. மயிலாப்பூரில் காளத்தி கடையின் ரோஸ்மில்க் தலைமுறைகளைக் கண்டது. 1970கள் முதல் மாவட்டத் தலைநகர்களிலும், பேருந்து நிலையத்தருகிலும் திரையரங்கருகிலும், ‘கூல் பார்’களும் பார்லர்களும் முளைத்தன. 1997 வரை ஐஸ்கிரீம் உற்பத்தி சிறுதொழிலுக்கென ஒதுக்கப்பட்டிருந்தமையால், ஊருக்கொரு பெயர், ஊருக்கொரு சுவை என்னும் நிலை நெடுநாள் நீடித்தது. பாலைக் காய்ச்சி ஊற்றும் முதலாளியே பல கடைகளில் கல்லாவிலும் அமர்ந்திருப்பார்.

அக்கடைகளின் உள்ளமைப்பு பலர் நினைவில் பதிந்தது. சுவர் முழுதும் நிலைக்கண்ணாடி. மங்கிய வண்ண விளக்கு. மேசைமீது கண்ணாடித்தகடு; அதன்கீழ் விலைப்பட்டியல். காலுள்ள கண்ணாடிக் கிண்ணத்தில் இரு உருண்டை. மேலே சிவந்த செர்ரி. பக்கத்தில் செருகிய முக்கோண வேஃபர். பழக்கலவை, பலூடா எனப் பெயர் படிக்கவே ஓர் இனிமை. டான்சில் அறுவை செய்துகொண்ட குழந்தைக்கு மருத்துவரே ஐஸ்கிரீம் எழுதித் தந்ததும், அதற்காகவே தனக்கும் தொண்டை வலிக்கிறதென்று தம்பி சொன்னதும் நடுத்தரக் குடும்பங்களில் அடிக்கடி கேட்ட கதை. மற்றபடி தேர்வில் வென்றாலோ, ஊரிலிருந்து மாமா வந்தாலோதான் கண்ணாடிக் கதவு திறக்கும். திறக்காத நாள்களில் கதவுக்கு வெளியே நின்று பார்த்தவர் தொகையே பெரிது.

இவ்வளவும் சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் பொது. ஆனால் தெருவின் ஐஸும் கடையின் ஐஸும் பெண்குழந்தையின் வாழ்வில் வெவ்வேறாய் நின்றன. பையன்களோடு சேர்ந்து வண்டியின் பின்னே ஓடிய சிறுமிக்கு ஒருநாள் அந்த ஓட்டம் நின்றுபோகும். பருவமெய்தியபின் மணியோசை கேட்டால் அவள் வாசற்படி தாண்டுவதில்லை. தம்பி வாங்கி வருவான். தெருமுனையிலிருந்து வீடு சேர்வதற்குள் பாதி உருகிவிடும். மறுபாதியில் தூது சென்றவனுக்கும் பங்கு. ஆண்மகனின் இளமை மெல்ல மெல்ல முடிந்தது. என்று முடிந்ததென்று அவனால் நாள் சொல்ல முடியாது. பெண்ணின் இளமை நாள்குறித்து முடிந்தது. ஐஸ் வண்டியை ஏக்கத்தோடு பாடும் கவிதைகளில் பெரும்பாலானவை ஆண்கள் எழுதியவையாய் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

அப்பெண்களுக்குப் பார்லர் வேறொரு பொருள் தந்தது. தேநீர்க் கடை ஆண்களுக்குரியது. உணவு விடுதிக்குக் குடும்பத்தோடு செல்லலாம். தனியே சென்றால் பார்வைகள் திரும்பும். ஐஸ்கிரீம் கடையோ ‘குடும்ப அறை’ என்று எழுதிய தட்டியும் திரைச்சீலையும் கொண்டது. கல்லூரி விட்டதும் நான்கு மாணவியர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, காசைத் தொகுத்து இரண்டு கிண்ணம் வாங்கி நான்கு கரண்டியால் உண்டு, அரைமணி நேரம் பேசிவிட்டு எழலாம். எவரும் எழுப்பியதில்லை. பொதுவிடத்தில், ஆண் துணையின்றி, வேலை எதுவுமின்றிச் சும்மா அமர்ந்திருப்பது 1980களின் சிறுநகரப் பெண்ணுக்கு எளிதிற் கிட்டிய உரிமையன்று. விலை அதிகம் என்று அன்று நொந்துகொண்டவர்கள்கூட அந்த நாற்காலிக்கும் சேர்த்தே விலை கொடுத்தனர்.

அக்கடைகளுள் பல மூடப்பட்டன. பெருநிறுவனங்களின் உறைபெட்டி மளிகைக் கடை வாசலுக்கே வந்துவிட்டபின், அமர்ந்து தின்ன ஒரு கடை எதற்கு என்று ஆயிற்று. வாங்கியதை வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து வேண்டும்போது எடுக்கலாம். உருகுமுன் தின்றாக வேண்டும் என்னும் அவசரம் போயிற்று. குச்சி ஐஸுக்குக் கொடுத்த காசுகளும் போயின. நெளிவிளிம்புடைய பத்துக்காசு, சதுரமான ஐந்துகாசு, நாலணா என்று பெயர் மாறாமலே வழங்கிய இருபத்தைந்து காசு, அனைத்தும் 2011 சூன் 30ஆம் நாளோடு செல்லாதவையாயின. ஐஸ் தின்ற குச்சிகளைச் சேர்த்து வீடு கட்டி விளையாடியவர் வீட்டுப் பழந்தகரப் பெட்டியில் அக்காசுகள் சில இன்னும் கிடக்கக்கூடும்.

சென்னையில் ஐஸ் ஹவுஸ் என்பது இன்று ஒரு வட்டாரத்தின் பெயர், காவல் நிலையத்தின் பெயர். நகரப் பேருந்தில் நடத்துநர் அப்பெயரைக் கூவ, ஐஸ் எங்கே என்று கேட்காமலே மக்கள் இறங்குகின்றனர். இரவு ஒன்பது மணிக்குமேல் அவ்வட்டாரத் தெருக்களில் ஒரு கைமணி கேட்கும். சிவப்புத் துணி சுற்றிய பானையைத் தள்ளுவண்டியில் வைத்துக் குல்பி விற்பவர்களில் பலர் இராசத்தானத்திலிருந்தும் உத்தரப்பிரதேசத்திலிருந்தும் வந்த இளைஞர். விலையை மட்டும் தமிழில் சொல்லக் கற்றிருக்கின்றனர். மணியோசை கேட்டுக் கதவைத் திறந்துகொண்டு இறங்கி வருபவர்களில் பாதிப்பேர் பெண்கள். நடுவயது கடந்தவர்கள். வண்டியருகிலேயே நின்று தின்கின்றனர்.